"ஆள் கிளம்பிட்டாங்க மேடம்"

மதுரை வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். அப்பாவுக்கு எட்டு வருடமாகப் பார்க்கின்சன். அம்மாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். காலை ஆறரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மதியம் ஆகிவிடும். நான் சென்னையில். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சி பிடித்து, பதிவுக் கட்டணமும் ஒரு மாத அட்வான்ஸும் கட்டியதெல்லாம் ஒரே நாளில் முடிந்தது. பணம் வாங்கும்வரை அவர்களும் வேகம்தான்.

ஒன்றரை மாதத்தில் ஐந்து பேர் மாறினார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் அப்பாவை எப்படி எழுப்பி உட்காரவைப்பது என்று அம்மா முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும், அதுவும் டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாயை இணைத்த ஃபிஸ்டுலா கையில் பாரம் தூக்கக்கூடாத அம்மா.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு ஆள் வரவில்லை. போன் செய்தேன். "ஆள் கிளம்பிட்டாங்க மேடம், பெரியார்ல பஸ் ஏறிட்டாங்க." ஏழு மணிக்கும் அதே பெரியார், அதே பஸ். எட்டு மணிக்குப் போனையே எடுக்கவில்லை. அப்பாவைத் தனியே விட மனசில்லாமல் அம்மா டயாலிசிஸுக்குப் போகவில்லை. புதன் இரவு கால் வீங்கி, மூச்சு வாங்கி, 108-ஐக் கூப்பிடும்படி ஆகிவிட்டது. அடுத்த ராத்திரியே பாண்டியன் எக்ஸ்பிரஸைப் பிடித்தேன்.

வந்து பார்த்தால் இன்னொரு கூத்து. மத்தியானமானால் அப்பா கதவு நிலையில் கால் ஒட்டினாற்போல் நின்றுவிடுவதாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். நோய் முற்றுகிறது என்று பயந்து, டோஸைக் கூட்டலாமா என்று கேட்க நரம்பியல் டாக்டரிடம் நேரமும் வாங்கியிருந்தோம். மாத்திரை கொடுத்ததை வந்த ஆட்கள் குறிக்கும் நோட்டில் நாலு வேளைக்கும் டிக் இருந்தது. எல்லாம் ஒரே சாய்வு, ஒரே மூச்சில் போட்டது மாதிரி. மாத்திரை அட்டையை எண்ணினேன். பத்து நாளில் நாற்பது மாத்திரை போயிருக்க வேண்டும், போனது இருபத்தொன்பது. பார்க்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரை நேரம் தவறினாலே உடம்பு இறுகிவிடும். இங்கே வேளையே தவறியிருக்கிறது. நோட்டை நம்பாதீர்கள், அட்டையை எண்ணுங்கள்.

ஒப்பந்தத்தையும் அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். "24 மணி நேரத்தில் மாற்று ஆள்." ஆறரைக்கு டயாலிசிஸ் போகிறவருக்கு மறுநாள் வரும் ஆளால் என்ன பிரயோஜனம்? கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைப் பாருங்கள். அட்வான்ஸையும் வாரக்கணக்கில் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

இப்போது பக்கத்துத் தெரு அக்கா வருகிறார், ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வராத நாளுக்கு அவருடைய மருமகள். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்ததில் பிசியோதெரபிக்கு வீட்டுக்கே வருகிறார்கள். அது தினசரிக் கவனிப்புக்கு ஈடில்லை, ஆனால் பதிந்து வையுங்கள். மாத்திரை வேளை சரியானதும் அப்பா நிலைப்படியைத் தாண்டிவிட்டார். டோஸ் கூட்டவில்லை.

மீதி அட்வான்ஸுக்கு மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். 1915 நுகர்வோர் எண்ணில் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணை ஏஜென்சிக்கு வாட்ஸப்பில் அனுப்பிய மூன்றாம் நாள் பணம் வந்தது. 1,500 ரூபாய் குறைந்தது. கேட்டதற்கு, யூனிஃபார்ம் செலவாம். வந்த ஐந்து பேரில் ஒருத்தர்கூட யூனிஃபார்ம் போட்டு அம்மா பார்த்ததில்லை.