எள்ளுவுக்குச் சிக்கெடுத்த நாட்கள்

2024 ஜூலை 14, ஞாயிறு

எள்ளு இன்று வீட்டுக்கு வந்தாள். ஒன்பது வார நாய்க்குட்டி. எடை 2 கிலோ 100 கிராம். தாய் காக்கர் ஸ்பானியல், தந்தை பூடில். கறுப்பு எள்ளுருண்டையைப் போல் மடியில் சுருண்டு கிடந்ததைப் பார்த்து அம்மா வைத்த பெயர் அது.

கொடுத்தவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "முடி கொட்டாது, வேலையே இல்லை." முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாம் பாதி தவறு. பூடில் முடி குறிப்பிட்ட நீளத்தில் நிற்காமல் நம் தலைமுடிபோல் வளர்ந்துகொண்டே போகும். உதிரும் முடியும் தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். சோபாவில் முடி இல்லை என்றால் அது நாயின் மேலேயே இருக்கிறது என்று பொருள்.

கலப்பினத்தில் இன்னொன்றும் உண்டு. நாய்களின் முடி வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்று மரபணுக்களே தீர்மானிக்கின்றன என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. நீளத்துக்கு ஒன்று, மீசைக்கும் புருவத்துக்கும் ஒன்று, சுருளுக்கு ஒன்று. எந்தக் குட்டிக்கு எது வாய்க்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. 1989இல் ஆஸ்திரேலியாவில், பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை உருவாக்கிவந்த வாலி கான்ரன், ஹவாயில் இருந்த பார்வையற்ற பெண் ஒருவருக்காக லாப்ரடாரையும் பூடிலையும் இணைத்தார். அந்தப் பெண்ணின் கணவருக்கு நாய் முடி ஒவ்வாது. பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்று மட்டுமே அவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே ஈற்றுக் குட்டிகளிடையே அவ்வளவு வேறுபாடு. எள்ளுவின் முடி எப்படி மாறும் என்று அவள் வளர்ந்தால்தான் தெரியும்.

2024 ஜூலை 28, ஞாயிறு

இரண்டு வாரமாகச் சீப்பை எடுக்கவே இல்லை. தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் அவளைத் தொடுகிறேன், அவ்வளவுதான். பாதத்தைப் பிடித்து விடுவேன். விரலிடுக்கைத் தடவுவேன். காது மடலைத் திருப்பிப் பார்த்து ஒரு துண்டு வேகவைத்த கேரட் கொடுப்பேன். இந்த வயதில் பழகியது காலத்துக்கும் நிற்கும். தடுப்பூசிகள் முடியும்வரை வெளியே எங்கும் அழைத்துப் போகவும் முடியாது. எனவே முடி திருத்தும் கடைக்குப் பழக்கப்படுத்தும் வேலையும் என்னுடையதே.

இன்று முதல்முறையாகச் சீப்பு. ஸ்டீல் தட்டில் கெட்டித் தயிரை மெல்லியதாகப் பூசி முன்னால் வைத்தேன். அவள் நக்கி முடிப்பதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிட்டது. தட்டு காலியானதும் சீப்பையும் வைத்துவிட்டேன். அவள் எழுந்து ஓடிய பிறகு துரத்திப் பிடித்துச் சீவினால், சீப்பைக் கண்டதுமே ஓட வேண்டும் என்றுதான் கற்றுக்கொள்வாள்.

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

வாங்கியவை இரண்டே. வளைந்த மெல்லிய கம்பிகள் பதித்த ஸ்லிக்கர் பிரஷ் ஒன்று. ஒரு பாதி நெருக்கமாகவும் மறுபாதி அகலமாகவும் பல் வைத்த இரும்புச் சீப்பு ஒன்று. பிரஷை முதலில் என் முன்கையின் உட்புறத்தில் இழுத்துப் பார்த்தேன். எனக்கு எரிந்த அழுத்தம் அவளுக்கும் எரியும்.

மேலாகச் சீவினால் முடி பஞ்சுபோல் அழகாக நிற்கிறது. அதே இடத்தில் இரும்புச் சீப்பை வைத்தால் பாதியில் நிற்கிறது. ஆகவே இடது கையால் முடியை மேலே ஒதுக்கிப் பிடித்து, தோல் ஒரு வரியாகத் தெரியும்படி வகிடெடுத்து, அந்த வரியை மட்டும் சீவிவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். கடைசியில் சீப்பு தோலிலிருந்து நுனிவரை தடையில்லாமல் வந்தால்தான் சீவியதாகக் கணக்கு.

வலப்பக்கக் காதுக்குப் பின்னால் ஒரு சின்னச் சிக்கு. நான் வேரிலிருந்து இழுத்தேன். அவள் 'கீச்' என்றாள். பூஜையறையிலிருந்து அம்மா வந்துவிட்டாள்.

"அடியை இறுக்கிப் பிடித்துக்கொள் கண்ணு. நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வா. உனக்குப் பத்து வருஷம் எப்படிச் சிக்கெடுத்தேன்?"

சிக்குக்கும் தோலுக்கும் இடையில் விரலைக் கொடுத்து அடியைப் பிடித்தேன். இழுவை என் விரலோடு நின்றது, தோலுக்குப் போகவில்லை. எள்ளு தயிருக்குத் திரும்பிவிட்டாள். இடுப்புவரை முடி வைத்திருந்த பள்ளி நாட்களில் அம்மா முழங்கால்களுக்கு இடையில் என்னை உட்கார்த்திவைத்துச் செய்தது அப்படியே இதுதான். வலித்ததாக எனக்கு நினைவே இல்லை. ஏன் வலிக்கவில்லை என்று இன்றுதான் புரிந்தது.

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

முதல் குளியல். முழுக்கச் சீவிய பிறகே தண்ணீர். சிக்கு நனைந்தால் இறுகி, காய்ந்ததும் கம்பளித் துண்டாகிவிடும். வெதுவெதுப்பான நீர், நாய்களுக்கான ஷாம்பு. நம் தோலின் அமிலத்தன்மை நாயின் தோலுக்கு இல்லை, அதனால் நம்முடைய ஷாம்பு அவற்றுக்கு ஏற்றதல்ல. வழுக்காமல் இருக்கக் குளியலறைத் தரையில் பழைய ரப்பர் மிதியடி போட்டிருந்தேன். துண்டால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தேன். நனைந்தபோது எலிக்குஞ்சு அளவுக்குச் சுருங்கிவிட்டாள்.

2024 செப்டம்பர் 9, திங்கள்

நகம் வெட்டும்போது ரத்தம் வந்துவிட்டது. வெள்ளை நகத்தில் உள்ளே ஓடும் ரத்த நாளம் இளஞ்சிவப்பாகத் தெரியும். எள்ளுவின் நகங்கள் பதினெட்டும் கறுப்பு. சோளமாவை அழுத்தி வைத்தேன், சில நிமிடங்களில் நின்றது. அதன்பின் அரைமணி நேரம் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தேன். இனி ஒரே நாளில் நான்கு காலையும் முடிக்கப் போவதில்லை. நாளுக்கு இரண்டு நகம், ஒவ்வொன்றிலும் நுனியில் கொஞ்சம். வெட்டிய முகத்தின் நடுவில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

விரலிடுக்கில் ஓர் உண்ணியும் இருந்தது. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்தேன். சுருட்டை முடியில் உண்ணி கண்ணில் படாது, விரலுக்குத்தான் தட்டுப்படும். சென்னையில் உண்ணிக் காய்ச்சல் நாய்களைக் கொல்கிறது. தினமும் தடவிப் பார்க்க இது ஒன்றே போதுமான காரணம்.

2024 அக்டோபர் 16, புதன்

இரண்டு நாளாக மழை. வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். எள்ளு ஒரு நாளில் நான்கு முறை நனைகிறாள். ஒவ்வொரு முறையும் துவட்டி, ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து உலர்த்துகிறேன். டிரையருக்குப் பழக்க மூன்று வாரம் ஆனது. முதலில் அடுத்த அறையில் ஓடவிட்டு அவளுக்கு உணவு வைத்தேன், பிறகு வாசற்படியில், பிறகு அருகில்.

தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கினால் சீழ் பிடிக்கும். மருத்துவர் தந்த திரவத்தை ஊற்றி, காதின் அடியைப் பிசைந்து, வெளியே வந்த அழுக்கைப் பஞ்சால் துடைத்தேன். காதுக்குள் பட்ஸ் விடவே கூடாது என்று எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அண்ணன் பிள்ளைகள் தீபாவளிக்கு வருகிறார்கள்.

2024 அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எள்ளுவுக்கும் ஒரு சொட்டு நல்லெண்ணெய் வைக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. எண்ணெய் தூசியைப் பிடிக்கும், அவள் நக்கிவிடுவாள் என்றேன். நெற்றியில் விரலால் தொட்டு வைத்துத் திருப்தியடைந்தாள். வெடிச் சத்தத்துக்கு உள்ளறையில் மின்விசிறியைப் போட்டுக் கதவைச் சாத்தி உட்கார்ந்திருந்தோம்.

2024 நவம்பர் 24, ஞாயிறு

இரண்டு வாரம் எனக்குக் காய்ச்சல். அம்மா மேலாகப் பிரஷ் செய்துகொண்டிருந்தாள், அவளால் குனிய முடியாது. இன்று இரும்புச் சீப்பை வைத்தேன். எங்கும் நுழையவில்லை. கயிறு மாட்டும் மார்புப் பட்டை உரசும் இடம், இரண்டு அக்குள், காதின் பின்புறம், தொடையிடுக்கு எல்லாம் சிக்கேறிக் கெட்டியாகிவிட்டன. மேலே மட்டும் மெத்தென்ற சுருள்.

எள்ளுவுக்கு ஆறரை மாதம் ஆகிறது. குட்டி முடி போய் வளர்ந்த நாயின் முடி வரும் பருவம் இது. உதிரும் மென்முடி புது முடியைச் சுற்றி முறுக்கிக்கொள்கிறது. இந்தச் சில மாதங்களில் ஒருநாள் விட்டாலும் சிக்கு ஏறிவிடும் என்று தெரிந்தே இருந்தேன்.

சோளமாவு தூவி, சிக்கை விரலால் நீளவாக்கில் பிரித்துப் பார்த்தேன். காதில் இரண்டு விட்டுக்கொடுத்தன. அக்குளில் கை வைத்ததும் திரும்பி என் மணிக்கட்டைப் பல்லால் பிடித்தாள். கடிக்கவில்லை, பிடித்தாள். அங்கேயே நிறுத்திவிட்டேன். கத்தரிக்கோலை எடுக்கவே இல்லை. சிக்கு இழுக்கும்போது தோலும் கூடாரம்போல் மேலெழும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவோம்.

2024 டிசம்பர் 1, ஞாயிறு

நேற்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். எங்கள் தெருவில் மதியம் மின்சாரம் போனது, டிரையர் இல்லை. ஈரத்தோடு அந்தக் கெட்டிச் சிக்குகள் தோலை ஒட்டிக் கிடந்தன. இரவு பூராவும் அக்குளை நக்கிக்கொண்டிருந்தாள்.

காலையில் மின்சாரம் வந்ததும் முதலில் ஈரத்தை உலர்த்தினேன். பிறகு முடிவெடுத்தேன். ஒவ்வொரு சிக்காக எடுத்தால் பல மணி நேரம் அவளுக்கு வலி, அதுவும் அழகைக் காப்பாற்ற மட்டும். முடிவெட்டும் இயந்திரத்தால் முடியைக் குட்டையாக எடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். அம்மா தட்டைப் பிடித்துக்கொண்டாள். அக்குளில் தோலை விரலால் இழுத்துத் தட்டையாக்கிக்கொண்டு மெதுவாகப் போனேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை என் கன்னத்தில் வைத்து, சூடேறியிருந்தால் அணைத்து ஆறவிட்டேன். மூன்று தவணையாக மாலைவரை ஆனது. முடி ஒரே துண்டாக, ஆட்டுத்தோல்போல் உரிந்து வந்தது. அடியில் தோல் சிவந்திருந்தது. இவ்வளவு நாள் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அது இழுத்திருக்கிறது. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவள் எழுந்து உடலை உதறினாள். பிறகு கூடத்துக்கும் சமையலறைக்குமாகப் பத்து முறை ஓடினாள்.

2024 டிசம்பர் 22, ஞாயிறு

அக்குள் சிவப்பு மருத்துவர் தந்த களிம்பில் ஆறிவிட்டது. முடி ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது, முன்பைவிட முரட்டுச் சுருள். வீட்டுக்குள் மார்புப் பட்டையைக் கழற்றிவிடுகிறோம். இரும்புச் சீப்பு இப்போது சாமி விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரவு விளக்கேற்றிவிட்டு அம்மா நாற்காலியில் உட்காருகிறாள், எள்ளுவை அவள் மடியில் ஏற்றிவிடுகிறேன். இனி அவள் குனிய வேண்டியதில்லை.

இன்று தட்டில் தயிர் தீர்ந்த பிறகும் எள்ளு இறங்கவில்லை. இடது அக்குள் மீதி இருந்தது. அம்மா அடியைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து வந்தாள்.