எங்கே பேசமாட்டாள்?

முதலாண்டு மாணவர்களுக்கு ஆளுமைப் பாடத்தைத் தொடங்கும்போது அகராதிக் கதையைத்தான் முதலில் சொல்வேன். உளவியலாளர்கள் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பர்ட்டும் வெப்ஸ்டர் ஆங்கில அகராதியைச் சலித்து, ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் சொற்களைப் பொறுக்கி எடுத்தார்கள். 1936-இல் அவர்கள் வெளியிட்ட பட்டியலில் கிட்டத்தட்ட 18,000 சொற்கள். அவற்றில் நிலையான குணத்தைச் சொல்பவை சுமார் 4,500. அப்புறம் ரேமண்ட் கேட்டல் அவற்றைப் பகுத்துச் சுருக்கி 16 காரணிகளுக்கு, அதாவது அடிப்படைக் குணங்களுக்கு, கொண்டுவந்தார். இன்று பெரும்பாலோர் ஐந்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனச்சஞ்சலம்.

இந்த ஐந்தையும் அளக்கும் வினாத்தாளை நிரப்பிய கையோடு, “நான் இன்ட்ரோவர்ட், மேம்” என்று யாராவது தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். எனக்கு அங்கேதான் மனசு கேட்காது. கலகலப்பு என்பது ஓர் அளவுகோல்; இன்ட்ரோவர்ட் அதன் ஒரு முனை. பெரும்பாலான மனிதர்கள் அதன் நடுப்பகுதியில்தான் இருக்கிறோம்.

1968-இல் வால்டர் மிஷல் இந்தத் துறையையே உலுக்கினார். குணத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணுக்கும், ஒரு குறிப்பிட்ட சூழலில் ஒருவர் நடந்துகொள்ளும் விதத்துக்கும் உள்ள ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பதைக் காட்டும் எண்; முழுக்கச் சேர்ந்துபோனால் 1) 0.30-ஐத் தாண்டுவதே அபூர்வம் என்று காட்டினார். அப்படியென்றால் குணம் என்று ஒன்று இல்லையா? 1979-இல் சீமோர் எப்ஸ்டீன் பதில் சொன்னார். ஒரே ஒரு நாளைப் பார்க்காமல் பல நாள் நடத்தையின் சராசரியை எடுத்தால் ஒட்டுறவு நன்றாகவே ஏறுகிறது. என்னைக் கேட்டால், இந்தப் பாடத்திலேயே மாணவர்கள் மறக்கக் கூடாத இடம் இதுதான். குணம் என்பது பல நாள், பல இடங்களின் சராசரி. நாளைக் காலை பத்து மணி வாய்மொழித் தேர்வில் ஒரு பெண் வாய் திறப்பாளா என்பதை அது சொல்லாது.

என் வகுப்பில் ஒரு மாணவி. கேள்வி கேட்டால் பெஞ்சைப் பார்த்தபடியே பதில் சொல்வாள், அதுவும் பாதிதான் காதில் விழும். என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போன கிராமத்தில் அவளே திண்ணை திண்ணையாக உட்கார்ந்து, பாட்டிகளிடம் ரேஷன் கார்டிலிருந்து மூட்டுவலி வரை விசாரித்துக் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

பெற்றோர் கூட்டத்தில் அவள் அப்பா, “அவ சங்கோஜி மேடம், பேசவே மாட்டா” என்றார்.

“எங்கே பேசமாட்டாள்?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். “விருந்தாளி வந்தா உள்ள போயிடுவா. ஆனா நம்ம மளிகைக் கடையில கடன் பாக்கி கேட்டு வாங்குறது அவதான்.”

மாணவர் பதிவேட்டில் வகுப்பு, முகாம், கடை மூன்றையும் எழுதினேன். ‘கூச்ச சுபாவம்’ என்று எழுதவில்லை.