சொனெசாகியிலிருந்து அமிஜிமா வரை

ஜப்பானின் ஒசாகா நகரில், உமெடா பகுதியின் சொனெசாகியில், உயரக் கட்டடங்களுக்கும் குடிக்கடைகளுக்கும் நடுவே ஒரு கோயில் பதுங்கியிருக்கிறது. அதன் முறையான பெயர் வேறு. ஊர்க்காரர்களுக்கு அது 'ஒஹாத்சு தென்ஜின்'. 1703-ல் ஒஹாத்சு என்ற விலைமகளும், தொகுபேய் என்ற சோயா சாஸ் கடை ஊழியனும் இங்கிருந்த காட்டில் சேர்ந்து உயிரை விட்டார்கள். ஒரே மாதத்தில் சிக்கமாத்சு மொன்சாயேமொன் அதைப் பொம்மை நாடகமாக்கிவிட்டார். இப்போது காதல் கைகூட வேண்டிக்கொள்ள இளசுகள் வருகிறார்கள். வேண்டுதல் பலகைகளில் ஒஹாத்சுவின் முகம் வெறுமையாக இருக்கிறது, கண்ணும் வாயும் நாம்தான் வரைய வேண்டும். ஒருத்தி புருவம் வரைந்துவிட்டு, சரியில்லை என்று தோழியிடம் சிணுங்கிக்கொண்டிருந்தாள்.

நான் வந்தது வேறொரு ஜோடிக்காக. மசாஹிரோ ஷினோதா 1969-ல் எடுத்த 'ஷின்ஜூ தென் நோ அமிஜிமா' படத்தைப் பார்த்ததிலிருந்து இந்த ஊர் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அதுவும் சிக்கமாத்சுவின் நாடகம்தான். காகித வியாபாரி ஜிஹேய்க்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும் உண்டு. ஆனால் சொனெசாகி விலைமகள் கொஹாருதான் அவனுக்கு மூச்சு. சேர்ந்து சாக இருவரும் எப்போதோ வாக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இதைக் காதல் காவியம் என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஜிஹேய் சுத்த உதவாக்கரை, அழுவதைத் தவிர எதையும் உருப்படியாகச் செய்யமாட்டான். என்னைப் பிடித்து உலுக்கியது அவன் மனைவி ஒசான். கணவனை விட்டுவிடும்படி கொஹாருவுக்கு ரகசியமாகக் கடிதம் எழுதுகிறவள் அவள். கொஹாருவும் அதற்குக் கட்டுப்பட்டு, மனசு மாறிவிட்டதுபோல நடிக்கிறாள். அப்புறம் வேறொருவன் கொஹாருவை விலைக்கு வாங்கப்போகிறான் என்று தெரிந்ததும், அவள் செத்துவிடுவாளே என்று இதே ஒசான் பதறுகிறாள். தன் உடைகளையும் குழந்தைகளின் உடைகளையும் பெட்டியிலிருந்து அள்ளி, அடகு வைத்து அவளை மீட்டு வா என்று கணவனிடம் கொடுக்கிறாள். யார் யாரைப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்றே தெரியாத முடிச்சு அது. இரண்டு பெண்களாகவும் நடித்தவர் ஒரே ஆள், ஷினோதாவின் மனைவி ஷிமா இவாஷிதா. ஜிஹேய் வீட்டைவிட்டு ஓடுவதும் அதே முகத்திடம்தான்.

போதாததற்கு, பொம்மை நாடகத்தில் கறுப்புத் துணியால் முகம் மூடிப் பொம்மைகளை ஆட்டும் 'குரோகோ' ஆட்களை ஷினோதா படத்துக்குள்ளேயே உலவவிட்டிருக்கிறார். மேடையில் அவர்களைப் பார்க்காத மாதிரி இருப்பது பார்வையாளர் வழக்கம். படத்தில் அப்படி இருக்க முடியவில்லை. பொருளை எடுத்துக் கொடுக்கிறார்கள், வழிகாட்டுகிறார்கள், கடைசிவரை கூடவே வருகிறார்கள். தடுக்க மட்டும் ஒரு கை நீளவில்லை.

அந்த ஜோடி போன திசையில் நானும் கிழக்கே நடந்தேன். நாடகத்தில் அவர்களின் கடைசி நடை முழுக்கப் பாலங்களின் பெயர்களாகவே வரும். சொனெசாகியை ஒட்டி ஓடிய ஷிஜிமி ஆற்றை எப்போதோ தூர்த்துவிட்டார்கள். தென்ஜின் பாலம் கான்கிரீட்டும் இரும்புமாக நிற்கிறது, மேலே லாரிகள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடையை ஹோட்டலிலேயே வைத்துவிட்டு வந்த புத்திசாலி நான்.

அமிஜிமாவில் அவர்கள் உயிரை விட்ட தைச்சோஜி கோயில் பழைய இடத்தில் இல்லை. மெய்ஜி காலத்தில் (1868–1912) சற்றுத் தள்ளி இடம் மாறியிருக்கிறது. உள்ளே கொஹாரு, ஜிஹேய் இருவருக்குமான 'ஹியோகு' கல். ஹியோகு என்பது ஒற்றைக் கண்ணும் ஒற்றைச் சிறகும் கொண்ட புராணப் பறவை. இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டால்தான் அதற்குப் பறக்க வரும். மழையில் கல் கறுத்திருந்தது. ஒசானுக்கு எங்காவது ஒரு கல் இருக்குமா என்று, ஜப்பானிய எழுத்து தெரியாமலேயே சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

திரும்பும்போது ஈரத்தோடு ரயில் ஏறினேன். சொனெசாகிப் பக்கம் போக இரண்டே நிறுத்தம். உட்காரக்கூட நேரமில்லை.