பூச்சி மாத்திரைக்கு அடங்காத பூச்சி

காங்கேயம் பக்கம் கிராம நர்சாக இருந்தபோது பூச்சி மாத்திரையை ரொம்பவே நம்பினேன். 2015-இல் குடற்புழு நீக்க நாள் வந்தபின் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பால்வாடிக்கும் பள்ளிக்கும் டப்பாவோடு போவோம். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை பாதி, நுணுக்கி. கண்ணெதிரே மென்று முழுங்கினால் வேலை முடிந்தது.

தேங்காய்க் களத்துச் சாளையில் நாலு வயசுப் பையன் ஒருத்தன். மாசக்கணக்கில் விட்டு விட்டு வயித்தால போகும். வயிறு உப்பல், மலம் எண்ணெய்ப் பிசுக்கு, நாற்றம் தாங்காது. "பூச்சிதான்" என்று நானே இரண்டு தரம் மாத்திரை கொடுத்தேன். எடை ஏறவே இல்லை. கடைசியில் மலத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஜியார்டியா. அது புழுவே அல்ல, ஓரணு உயிரி; ஒரே ஒரு வேளை கொடுக்கும் அல்பெண்டசோலுக்கு அடங்காது. நர்சிங் படிக்கையில் பரீட்சைக்கு எழுதிய பாடந்தான்! டாக்டர் மெட்ரோனிடசோல் எழுதினார்.

மறுபடி வந்துவிடக் கூடாதே என்று சாளைக்குப் போனேன். புழங்க போர் உப்புத்தண்ணி. குடிக்க ஆத்துத்தண்ணி, பத்து நாளைக்கொருக்கா வரும், நீல டிரம்மில் பிடித்து வைப்பார்கள். தொட்டி ஆபரேட்டரிடம், தண்ணியில் குளோரின் எவ்வளவு என்று பார்க்கும் குளோரோஸ்கோப் வாங்கி, தண்ணி வந்த அன்று குழாயில் பார்த்தேன். சொட்டு விட்டதும் மஞ்சள், குளோரின் தேவையான 0.2 பிபிஎம்முக்குக் குறையவில்லை. ஐந்தாம் நாள் டிரம்மில் எடுத்த தண்ணீரில் நிறமே ஏறவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பையன் கவிழ்த்த வாளி மேல் ஏறி, முழங்கை வரை முக்கி, டம்ளரில் மொண்டான். குளோரின் இருந்தாலும் கூட்டுக்குள் இருக்கும் ஜியார்டியா லேசில் சாகாது; கொதித்தால் சாகும்.

"காச்சி ஆற வெச்சுக் குடுங்கம்மிணி" என்றேன் பையனின் அம்மாவிடம்.

"ஏனுங் நர்சம்மா, கேஸு விக்கிற வெலைக்கு டிரம்முத் தண்ணிய எப்டீங் காச்சறது?"

பதில் இல்லை என்னிடம்.

திண்ணையிலிருந்த அமுச்சி, பையனின் பாட்டி, "துணில வடிகட்டுனாப் போதாதா? நரம்புச் சிலந்திக்கு அப்பிடித்தான பண்ணுனோம்" என்றார். நியாயமான கேள்வி. நரம்புச் சிலந்தி, குடிதண்ணி வழியாக உடம்புக்குள் போகும் நீளப் புழு; அதற்கு மருந்தே கிடையாது. வடிகட்டியும் படிக்கிணறுகளை மூடியும்தான் ஒழித்தார்கள். 1996-க்குப் பின் இந்தியாவில் ஒருவருக்கும் வரவில்லை. ஆனால் ஜியார்டியா துணியில் நிற்காத அளவு சிறிசு.

அடுத்த மாசம் போனேன். டிரம் மூடி மேல் குழவிக்கல். பையனால் நகர்த்த முடியாது. நீளக் காம்புக் கரண்டி ஆணியில் தொங்கியது. காச்சின தண்ணி ஒரு சொம்பு, அவனுக்கு மட்டும்.

"அக்காளுக்கும் அதுலயே ஊத்துங்க" என்றேன். அம்மிணி என்னை முறைத்த முறைப்பு!