பறவூரில் ஒரு ஜெப ஆலயம், சேந்தமங்கலத்தில் ஒரு கல்

மகளுக்கு எழுத்தறிவிக்கத்தான் கேரளத்தில் கொச்சிக்குப் பக்கத்திலுள்ள வடக்குப் பறவூர் போனோம். அங்குள்ள தட்சிண மூகாம்பிகை கோயிலில், தாமரைக் குளத்தின் நடுவே சரஸ்வதி இருக்கிறாள். காலையிலேயே மகளை மடியில் வைத்து, அரிசியில் விரல் பிடித்து எழுத வைத்தாயிற்று. மத்தியானம்வரை நேரம் இருந்தது. "பக்கத்தில்தான் ஜூதப்பள்ளி, பார்த்துவிட்டுப் போங்கள்" என்று யூதர்களின் ஜெப ஆலயத்தைச் சொன்னார் டீக்கடைக்காரர். சரி என்று நடந்தோம்.

தெருவிலிருந்து பார்த்தால் கோயில் மாதிரியே தெரியவில்லை. ஓடு வேய்ந்த பெரிய வீடு ஒன்றின் முகப்பு போலப் படிப்புரை, அதாவது வாசல் கட்டு. அதைத் தாண்டினால் முற்றம், அப்புறம் தூண்கள் வரிசையாக நிற்கும் நடை, அப்புறம் ஒரு முன்னறை, கடைசியில்தான் ஜெபக்கூடம். நம் கோயிலில் கோபுரம், மண்டபம், அர்த்த மண்டபம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து மனம் அடங்குமே, அதே அடக்கம் எனக்கு இங்கேயும் வந்தது. எருசலேம் இருக்கும் திசை என்பதால், யூத வேதமான தோராவின் சுருள்களை வைக்கும் பேழைக்கு மேற்குச் சுவரில் இடம்.

1616-ஐ ஒட்டி இந்த ஆலயத்தைக் கட்டியவர் பெயர் எபிரேயக் கல்வெட்டில் இருக்கிறது: தாவீது காஸ்டியல் முதலியார். முதலியார் என்று கேட்டதும் நின்றுவிட்டேன். கொச்சி ராஜா யூதர்களின் தலைவருக்குக் கொடுத்த பட்டம் அது. இந்தச் சமூகத்தின் மூலப் பத்திரமும் நமக்கு அந்நியமில்லை. சுமார் கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமையும் 72 உரிமைகளும் கொடுத்துச் செப்பேடு எழுதினான். வட்டெழுத்தில் இருக்கும் அந்தப் பட்டயத்தில் பகல்விளக்கு, பாவாடை, குடை என்று வரும் சொற்களைப் படிக்க நமக்கு அகராதி வேண்டாம்.

கேரள ஜெப ஆலயங்களுக்கென்று ஒரு தனி அழகு உண்டு. வேதம் வாசிக்கும் மேடை கூடத்தின் நடுவில் ஒன்று இருக்கும். மாடியில், பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னால், இன்னொன்று. மரத்தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்ட அந்தப் பெண்கள் மலையாளத்தில் பாட்டும் கட்டினார்கள். நோட்டுகளில் எழுதி வைத்து, கல்யாண வீடுகளில் பாடினார்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். தேங்காய் எண்ணெய் விளக்கு எரியும். தோராவை ஒரு சுற்று வாசித்து முடிப்பதைக் கொண்டாடும் சிம்ஹத் தோரா பண்டிகையன்று தோரா சுருள்களை ஏந்தி, ஆலயத்துக்கு வெளியே வலம் வருவார்கள். இதைப் படித்தபோது என் மனைவி, "நம்ம பிரதட்சிணம்தானே!" என்றாள்.

இத்தனையும் இருந்தும் இங்கே இன்று ஜெபம் இல்லை. கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். அந்தப் பத்துப் பேர் இப்போது இங்கே இல்லை. யாரும் விரட்டி அவர்கள் போகவில்லை, அதுதான் என்னை உலுக்கியது. "அடுத்த ஆண்டு எருசலேமில்" என்று தலைமுறை தலைமுறையாகப் பஸ்கா இரவில் சொல்லி வந்தவர்கள், இஸ்ரேல் உருவானதும் புறப்படத் துடித்தார்கள். யானைக்கால் நோயை இங்கிருந்து கொண்டுவந்துவிடுவார்களோ என்ற பயத்தில் அங்குள்ள அதிகாரிகள் சில வருஷம் தள்ளிப்போட்டார்கள். 1954, 55-இல் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். பெரியாற்றங்கரையில் வாழ்ந்தவர்களில் பலர், நெகேவ் பாலைவனத்து நெவாதிமில் போய் விவசாயம் செய்தார்கள். இதைக் குடிபெயர்வு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரோடு கிளம்பிய யாத்திரை அது. பறவூர்ப் பேழையும் பின்னால் போய் இன்று எருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே நாம் பார்ப்பது அதைப் பார்த்துச் செய்தது. ஆனாலும் அதன் முன்னால் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

அங்கிருந்து ஆட்டோ பிடித்துச் சேந்தமங்கலம் போனோம். கொச்சி ராஜாவுக்குப் பரம்பரை மந்திரிகளாக இருந்த பாலியத்து அச்சன்மார்களின் ஊர். கோயில், பள்ளிவாசல், மாதா கோயில், ஜெப ஆலயம் எல்லாம் கூப்பிடு தூரத்தில். இங்குள்ள ஜெப ஆலயம் சின்னது. மரத்தில் கொடியும் பூவுமாக இழைத்த பேழை, அண்ணாந்தால் தாமரை. அதையெல்லாம்விட என்னை நிற்க வைத்தது வாசலில் உள்ள ஒரு கல்லறைக்கல்தான். இடுப்பளவுகூட இல்லை. "இஸ்ரவேலின் மகள் சாரா" என்று எபிரேயத்தில் வெட்டியிருக்கிறது, 1269-ஆம் ஆண்டு. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லெழுத்துகளில் மிகப் பழையதாக இதைச் சொல்கிறார்கள். சாரா யார், என்ன வயது, ஒன்றும் தெரியாது. பெயரும் அப்பா பெயரும் நாளும் மட்டும் 750 வருஷ மழையைத் தாண்டி நிற்கின்றன.

"இது என்ன எழுத்துப்பா?" என்றாள் மகள். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் எழுதுவார்கள் என்று சொன்னேன். கல்லைத் தொடவில்லை அவள். காலையில் அரிசியில் எழுதிய அதே விரலை நீட்டி, வலமிருந்து இடமாக, காற்றில் ஒவ்வொரு எழுத்தாக வரைந்துகொண்டிருந்தாள். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.