லேபிரிந்த் பள்ளத்தாக்கில் கேனோவோடு ஐந்து நாள்

மாணவர்களைப் பல நாள் ஆற்றுப் பயணத்துக்கு முதன்முதலாக அழைத்துப் போக எந்த ஆறு நல்லது என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஓடும் கிரீன் ஆற்றைத்தான் நாங்கள் சொல்வோம். அதிலும் ரூபி ராஞ்சிலிருந்து மினரல் பாட்டம் வரையிலான 72 கிலோமீட்டர். அங்கே ஆறு பாலைவனப் பாறையை அறுத்துக்கொண்டு வளைந்து வளைந்து தெற்கே போகிறது. 1869இல் இந்த ஆற்றை ஆராயப் படகில் வந்த ஜான் வெஸ்லி பவல் குழு இந்தப் பள்ளத்தாக்குக்கு லேபிரிந்த், அதாவது சிக்கல் வழி, என்று பெயர் வைத்தது. கொந்தளிக்கும் இடம் ஒன்றுகூட வழியில் கிடையாது. துடுப்புப் பிடித்தே பழக்கமில்லாத பிள்ளைகளும் முதல் நாள் மதியத்துக்குள் கேனோவை, அதாவது துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய படகை, நேராகச் செலுத்தக் கற்றுக்கொள்வார்கள். நீரோட்டத்தால் தொல்லை இல்லை. குடிநீர், காற்று, சேறு, இந்த மூன்றுக்கும்தான் தயாராக வேண்டும்.

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை போவது நல்லது. மே கடைசியிலும் ஜூனிலும் மலைப்பனி உருகி வரும்போது ஆற்றில் விநாடிக்கு 20,000 கன அடிகூட ஓடும். அப்போது மணல்திட்டெல்லாம் மூழ்கிவிடும். கரை நெடுக டாமரிஸ்க் புதர் சுவர் கட்டியதுபோல் நிற்பதால், பன்னிரண்டு பேர் கூடாரம் போட இடம் கிடைப்பதே பாடு. தண்ணீர் வடிந்த பிறகு சில வாரம் கொசு பிடுங்கி எடுக்கும். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் காட்டாற்று வெள்ளமும். இலையுதிர் காலத்தில் ஓட்டம் சுமார் 3,000 கன அடிக்கு இறங்கி, அகலமான மணல்திட்டுகள் வெளியே தெரியும். மாணவர் குழுவுக்கு அதைவிட நல்ல முகாம் வேறில்லை.

இந்தப் பகுதிக்குப் பொதுநில நிர்வாகத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். அது இலவசம். ரூபி ராஞ்ச் தனியார் நிலம் என்பதால் படகு இறக்கத் தனிக் கட்டணம் உண்டு. மினரல் பாட்டத்தைத் தாண்டினால் கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா. அதற்கு வேறு அனுமதி. எடுத்துப் போகக்கூடிய கழிவறைப் பெட்டி, நெருப்பு தரையில் படாமல் மூட்ட உதவும் தீத்தட்டு, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், உபரித் துடுப்பு எல்லாம் கட்டாயம்.

பத்து மாணவர், இரண்டு பொறுப்பாளர் என்று வைத்துக்கொள்வோம். பதினேழு அடி நீளமுள்ள, இருவர் போகும் கேனோப் படகுகள் ஆறு போதும். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளுக்கு 4 லிட்டர் தண்ணீர். பன்னிரண்டு பேருக்கு ஐந்து நாளைக்கு 240 லிட்டர். 20 லிட்டர் கேன் பன்னிரண்டு, அதாவது படகுக்கு இரண்டு. இந்த 40 கிலோவை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் படகு சொன்ன பேச்சு கேட்கும். கேன்கள் நடுக் குறுக்குச் சட்டத்துக்கு இரு பக்கமும், படகின் அடித்தளத்தில், கட்டுப்பட்டு இருக்க வேண்டும். அதற்கு மேல் சாப்பாட்டுப் பெட்டி, அதற்கும் மேல் நீர்புகாப் பைகள். எதுவும் படகின் விளிம்புக்கு மேலே கையளவுக்கு அதிகமாக நீட்டக் கூடாது. நீட்டினால் காற்று அதைக் கப்பற்பாயாக்கிக்கொள்ளும். முன்முனை பின்முனையைவிடச் சற்று இலேசாக இருக்கட்டும்.

ஆற்று நீரை வடிகட்டிக் குடிக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். கிரீன் ஆறு பால் விட்ட தேநீர் நிறத்தில் ஓடுகிறது. கை வடிகட்டியை நேராக அதில் வைத்தால் ஓரிரு லிட்டரிலேயே மென்களிமண் அடைத்துக்கொள்ளும். வாளியில் மொண்டு இரவு முழுவதும் தெளியவிட வேண்டும். அவசரமென்றால் 20 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் படிகாரத் தூள் போட்டுக் கலக்கி, ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, வடிகட்டி, அதற்குப் பிறகு கிருமிநீக்கி சேருங்கள். இப்படிச் செய்தாலும் கரைந்திருக்கும் உப்பு போகாது. மாணவர்களோடு போகும்போது குடிநீர் முழுவதையும் கொண்டு போய்விட்டு, தெளியவைத்த ஆற்று நீரைப் பாத்திரம் கழுவ மட்டும் வைத்துக்கொள்வதே சரி. தாகம் வரும்வரை காத்திருக்காமல் குடிக்கச் சொல்லுங்கள். ஆனால் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைவலியும் வாந்தியும் வரும். மதியம் உப்பு சேர்ந்த தின்பண்டம் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஆற்று வரைபடத்தில் மைல் எண்கள் கீழிருந்து மேலே எண்ணப்படுகின்றன. கொலராடோ ஆற்றோடு கலக்கும் இடம் பூஜ்ஜியம். ரூபி ராஞ்ச் 97, மினரல் பாட்டம் 52. முதல் நாள் படகு இறக்கி, சுமை கட்டி, பயிற்சி கொடுத்து முடிக்கவே பாதி நாள் போய்விடும். மைல் 90இல் மூன்று கிளைப் பள்ளத்தாக்குகள் ஒரே இடத்தில் சேரும் டிரின் ஆல்கோவ் வளைவுவரை போனால் போதும். வெளிர் நிற நவாஹோ மணற்பாறை இங்கே உருண்டு திரண்டு, செங்குத்தாக நிற்கிறது. கிளைப் பள்ளத்தாக்குக்குள் நடக்கும்போது கரிய மொறமொறப்பான மண்மேலோட்டைக் கண்டால் காலை வைக்காதீர்கள். நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து கட்டிய உயிருள்ள தோல் அது. ஒரு காலடியில் உடைவது பழையபடி வளரப் பல பத்தாண்டு ஆகும். மாணவர்களிடம் இதை முதல் நாளே, தரையைக் காட்டியே, சொல்லிவிட வேண்டும். ஓடையின் மணலிலோ வெற்றுப் பாறையிலோ மட்டும் நடக்கலாம்.

இரண்டாம் நாள்தான் நீளமானது, ஏறத்தாழ 19 கிலோமீட்டர். இங்கே காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு தெற்கே ஓடுகிறது. பெருங்காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருகிறது. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்குக்குள் காற்று, ஆறு வரும் திசையை நோக்கி வீசும். பிற்பகலில் முகத்துக்கு நேரே வரும் அந்தக் காற்று, துடுப்புப் போடுவதை நிறுத்தினால் படகை நீரோட்டத்துக்கு எதிராகவே தள்ளிவிடும். ஆகவே விடியும்போது எழுந்து, ஏழரைக்குப் படகில் ஏறி, ஒரு மணிக்குள் முகாம் பிடித்துவிட வேண்டும். வளைவு அதிகம் என்பதால் ஒரு வளைவில் அடிக்கும் காற்று அடுத்ததில் இருக்காது. எதிர்காற்றில் சிக்கினால் ஒரு கேனை முன்னே நகர்த்துங்கள். முன்முனை இலேசாக இருந்தால் காற்று அதைத் திருப்பிவிடும். பள்ளத்தாக்குச் சுவரோரமாகக் காற்று குறைந்த பக்கத்தைப் பிடித்துப் போங்கள். நடு ஆற்றில் துடுப்பு மாற்றவோ எழுந்து நிற்கவோ விடாதீர்கள். படகு கவிழ்வது பெரும்பாலும் இந்த அசட்டையில்தான். ஆற்றின் வேகத்தால் அல்ல.

கவிழ்ந்தால் ஆட்கள் முதலில், படகு அடுத்து, பொருள் கடைசியில். தண்ணீர் நிரம்பிய படகு பல நூறு கிலோ கனக்கும். அதற்கும் கரைக்கும், அதற்கும் பாறைக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக நின்று கயிற்றைப் பிடித்துக் கரைக்கு இழுத்தால் போதும். இரு முனையிலும் நாலைந்து மீட்டர் கயிறு இருப்பது இதற்காகத்தான்.

முகாமில் இறங்கும் இடத்தைத் துடுப்பால் குத்திப் பாருங்கள். உலர்ந்த மணலுக்கும் தண்ணீருக்கும் நடுவே கிடக்கும் சேற்றில் முழங்கால்வரை புதைந்துவிடும். வார் கட்டாத செருப்பை அது விழுங்கிவிடும். புதைந்தவர் காலை நேராக மேலே இழுக்காமல், மெல்ல ஆட்டித் தண்ணீர் உள்ளே போக விட்டு, பின்னால் சாய்ந்து எடுக்க வேண்டும். மணலில் கூடார முளை நிற்காது. பையில் மணலை நிரப்பிக் கயிறு கட்டி, ஓர் அடி ஆழத்தில் குறுக்காகப் புதைத்தால் எந்தக் காற்றுக்கும் அசையாது. கிளை ஓடையின் வாயில் கூடாரம் போடவே கூடாது. தலைக்கு மேலே நட்சத்திரம் தெரியும்போதே எங்கோ பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும். படகுகளைக் கரையில் உயர ஏற்றி, கவிழ்த்து, இரு முனையையும் கட்டுங்கள். இரவில் நீர்மட்டம் உயரலாம். தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டுவைத்தால் காலையில் எவ்வளவு ஏறியது என்று தெரியும்.

கழிவறைப் பெட்டியை முதலில் இறக்கி, முகாமுக்கு எட்ட, ஆனால் இருட்டில் போய் வரக்கூடிய தூரத்தில் வையுங்கள். மூடி இறுகும் இரும்புப் பெட்டி ஒன்று சுமார் 50 தடவைக்குத் தாங்கும். பன்னிரண்டு பேருக்கு ஐந்து நாள் என்றால் இரண்டு பெட்டி வேண்டும். சிறுநீர் அதில் போனால் சீக்கிரம் நிரம்பிவிடும். இந்தப் பெரிய ஆற்றில் சிறுநீரை ஆற்றிலேயே கழிப்பதுதான் முறை. கரையில் கழித்தால் மழையில்லாத இந்த மண்ணில் அடுத்த குழுவுக்கு நாற்றம்தான் மிச்சம். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் சல்லடையில் வடித்து, சோற்றுப் பருக்கையைக் குப்பைப் பைக்கும் தண்ணீரை ஆற்றுக்கும் அனுப்புங்கள். பக்கத்திலேயே சோப்பும் கை கழுவும் வாளியும் இருக்கட்டும். ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் இரண்டு நாளில் குழு முழுக்கப் படுத்துவிடும். நடுவழியில் எளிதாக வெளியேற வழி கிடையாது, செல்போன் சிக்னலும் கிடையாது. செயற்கைக்கோள் தகவல் கருவி ஒன்றை மறக்காதீர்கள்.

மூன்றாம் நாள் போகப் போகச் சுவரின் அடியில் வயதில் மூத்த பாறைகள் தலைகாட்டும். நவாஹோ உயரே ஏறிவிட, சிவந்த விங்கேட் மணற்பாறை செங்குத்தாக நிற்கும்; அதன் காலடியில் சரிவான சின்லி பாறை அடுக்கு. யுரேனியம் இந்தச் சின்லியில்தான் கிடைத்தது. ஹே ஜோ பள்ளத்தாக்கில் பழைய சுரங்கமும் துருப்பிடித்த இயந்திரங்களும் கிடக்கின்றன. வெளியே நின்று பாருங்கள். சுரங்க வாய்க்குள் ரேடான் என்ற கதிரியக்க வாயு தேங்கும், கூரையும் உதிரும்.

மைல் 70இல் போநாட் வளைவு தொடங்குகிறது. ஆறு 7 மைல் சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்துக்குக் கால் மைல் தூரத்தில் திரும்பி வருகிறது. நடுவிலிருக்கும் தாழ்ந்த கணவாய்க்கு ஏறினால் ஒரே ஆறு இரு பக்கமும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதைப் பார்க்கலாம். பயணம் முழுவதிலும் மாணவர்கள் வாயடைத்து நிற்கும் இடம் இதுதான். வெயில் சாய்ந்த பிறகு ஏறுங்கள், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரோடு, இருட்டுமுன் இறங்கிவிடும்படி. மேலே பழைய படகோட்டிகள் பாறையில் வெட்டிய பெயர்கள் இருக்கின்றன. புதிதாக எதையும் கீறக் கூடாது என்பதைச் சொல்லியே அழைத்துப் போக வேண்டும்.

நான்காம் நாள் அந்த வளைவைச் சுற்றி முடித்து மைல் 60 வாக்கில் தங்கினால், கடைசி நாளுக்கு 13 கிலோமீட்டர்தான் மிச்சம். வழியில் ஹெல் ரோரிங் பள்ளத்தாக்கின் வாயில் இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடந்தால், டெனிஸ் ஜூலியன் என்ற பிரெஞ்சு மொழி பேசிய வேட்டைக்காரர் 1836 மே 3 என்று தேதியிட்டு வெட்டிய பெயர் இருக்கிறது. பவல் வருவதற்கு முப்பத்து மூன்று ஆண்டு முந்தியது.

அதற்குப் பிறகு இடக்கரையை விட்டு விலகாதீர்கள். மினரல் பாட்டத்தின் படகுத்துறை இடது பக்கம். தவறவிட்டால் அனுமதியில்லாத பூங்காவுக்குள் போய்விடுவீர்கள். ஆறு கலக்கும் இடத்துக்கு 52 மைல், அதைத் தாண்டியதும் கேனோவுக்கு ஆகாத கேடராக்ட் பள்ளத்தாக்கின் பேரலைகள். வண்டி வரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னே போய்ச் சேருங்கள். மேலேறும் சாலை குன்றின் முகத்தில் வளைந்து வளைந்து போகும் மண் சாலை. 2010இல் மழை அதை அடித்துக்கொண்டு போய், மறு ஆண்டுதான் திறந்தார்கள். மழை பெய்தால் வண்டி இறங்காது. அதற்காகவே ஒரு நாளுக்கான உணவையும் இரண்டு கேன் தண்ணீரையும் மேலதிகமாக வைத்திருங்கள். வண்டி வராது என்று ஆனாலொழிய அந்தக் கேன்களைத் திறக்க வேண்டாம்.