சேத்தக்குக்கு மாற்று என்ஜின்: பட்டறை வேலையும் ஆர்.சி. வேலையும்

1970-களின் தொடக்கத்தில் பதிவான எங்கள் பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரின் என்ஜினைப் பிரித்த சென்னை அயனாவரம் மெக்கானிக் அண்ணன், கிராங்க் தண்டைச் சுற்றியிருக்கும் கூடான கிராங்க் கேஸின் உட்புறத்தைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். இந்த என்ஜினில் சுழலும் கிராங்க்கே பெட்ரோல் கலவையை உள்ளே விடும் வால்வாகவும் வேலை செய்கிறது. அதை ஒட்டியிருக்கும் வழவழப்பான பரப்பில் ஆழமாகக் கீறல் விழுந்துவிட்டால், பிஸ்டனையும் அது ஓடும் குழலான போரையும் புதிதாக்கினாலும் வண்டி தேறாது. மாற்று என்ஜின் தேட வேண்டியதாயிற்று.

கேட்ட எல்லோரும் சொன்னது எல்எம்எல் என்ற வேறு நிறுவனத்தின் ஸ்கூட்டர் என்ஜினைத்தான். இழுவை அதிகம், 12 வோல்ட், தீப்பொறிக்கான தொடுமுனையான பாயிண்ட்டின் தொல்லை இல்லை. எனக்கும் ஆசைதான். ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, அதே தயாரிப்பில் அதே வகை என்ஜினை மாற்றுவதைத்தான் பேசுகிறது. பஜாஜ் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) எல்எம்எல் என்ஜினை ஏற்றிக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகப் படியேற எனக்குத் தெம்பில்லை. எனவே பின்னாளில் வந்த 12 வோல்ட் எலக்ட்ரானிக் சேத்தக்கின் என்ஜினைத் தேடினேன். அதுவும் 145.45 சிசிதான், ஆர்.சி.யில் என்ஜின் எண்ணைத் தவிர எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இன்னொன்றையும் யோசித்தேன். 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, என்ஜினிலோ சேசிஸிலோ பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் விண்டேஜ் வண்டிகளுக்கான ‘விஏ’ வரிசைப் பதிவெண் உண்டு. என்ஜினை மாற்றினால் அது கைவிட்டுப் போகும். போகட்டும். அந்த எண் வாங்கிய வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. எனக்கோ தினமும் ஓட்ட வண்டி வேண்டும். பழைய என்ஜினை மட்டும் கிரீஸ் தடவிச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினேன்.

பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் என்ஜின்களுக்குப் பஞ்சமில்லை, காகிதங்களுக்குத்தான் பஞ்சம். எந்த வண்டியில் இருந்தது என்று சொல்லத் தெரியாத என்ஜினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். திருட்டு வண்டியுடையதாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். கடைசியில் பெரம்பூரில், அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்த முழு வண்டி ஒன்று ஆர்.சி.யோடு கிடைத்தது. அதன் உரிமையாளர் அந்தப் பதிவை ரத்து செய்து, விற்பனை ரசீதும் எழுதிக் கொடுத்தார்.

பட்டறையில் எங்களை அதிகம் படுத்தியது, என்ஜினைச் சேசிஸோடு பிணைக்கும் நீளமான போல்ட். அத்தனை வருடக் கடற்காற்றில் அது சைலன்ட் பிளாக் என்ற அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு ஒன்றாகிவிட்டிருந்தது. நட் கழன்றது, போல்ட் அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டோம், சூடு காட்டினோம், சுத்தியலால் தட்டினோம். அதற்குமேல் ஓங்கி அடித்தால் சேசிஸ் கோணிவிடும் என்று அண்ணன் தடுத்துவிட்டார். சேசிஸுக்கும் என்ஜினுக்கும் இடையிலிருந்த சிறு இடைவெளியில் வெறும் ரம்பப் பிளேடை நுழைத்து, இருபுறமும் அறுத்துத்தான் இறக்கினோம். புதிய போல்ட்டுக்குக் கிரீஸ் தடவி மாட்டினோம்.

மற்றவை சுலபம். சைலன்ட் பிளாக், ஆயில் சீல், பேரிங், கேபிள்கள் எல்லாம் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலேயே கிடைத்தன. என்ஜின் தன் இடத்தில் பொருந்தி உட்கார்ந்தது. கியர் கேபிள்கள் இரண்டும் இடம் மாறினால் கைப்பிடி தலைகீழாக வேலை செய்யும். மாட்டும்போதே அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஒயரிங்கில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பழையது 6 வோல்ட்டுக்கானது. அதில் ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்றினோம். கூடவே தீப்பொறிக்கான எலக்ட்ரானிக் பெட்டியான சிடிஐ, ரெகுலேட்டர், பல்புகள், ஹாரன். எத்தனால் கலந்த பெட்ரோலை நினைத்து, இறுகிப்போயிருந்த பெட்ரோல் குழாயையும் மாற்றினேன்.

என்ஜின் மாற்றத்தை 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதே 52-ஆவது பிரிவு. முன்கூட்டியே விண்ணப்பித்துவிட்டு வேலையில் இறங்கினால் நெஞ்சு படபடப்பு இருக்காது. ஆய்வாளர் சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதிகளைக் கேட்டார். என்ஜின் எண் ஷாக் அப்சார்பர் பக்கம், கிரீஸும் மண்ணும் அப்பும் இடத்தில் இருப்பதால், மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டே வண்டியைக் கொண்டுபோங்கள். எண் தெளிவாக இல்லையென்று எனக்கு முன்னால் நின்றவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

புதிய எண்ணோடு ஆர்.சி. வந்ததும் இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் திருத்தச் சொன்னேன். அதற்கு ஆர்.சி. நகலும் ஒரு மின்னஞ்சலும் போதுமாக இருந்தன.